பறையை யார் கையில் கொடுக்கிறீர்கள்?

கலைத் திருவிழா நெருங்கினால் பள்ளிகளிலிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். போன மாதம் வந்ததும் அப்படித்தான். குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் பத்து நிமிடப் பறையாட்டம் வேண்டும், மூன்று நாளில் பழக்கிக் கொடுங்கள் என்றார்கள். மூன்று நாள் போதாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்காகப் போனேன்.

அங்கே எனக்கு முன்பே ஆள் பிரித்து வைத்திருந்தார்கள். பறைக்கு எட்டுப் பையன்கள், கும்மிக்குப் பெண் பிள்ளைகள், நடுவில் நின்று வசனம் பேச நான்கு பேர். பறைக்கு நின்ற எட்டுப் பேரும் ஒரே தெருவிலிருந்து வருகிறவர்கள். ஏன் சார் இவர்கள் மட்டும் என்று கேட்டேன். "இவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு, சீக்கிரம் புடிச்சுக்குவாங்க" என்றார் பொறுப்பாசிரியர், வெகு சாதாரணமாக. அவரருகே நின்ற ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு பறையடிக்கும் சிம்புக்குச்சியை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பள்ளிகளில் கேட்டுவிட்டேன்! கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

ரத்தத்தில் அடி இல்லை, ஐயா. இடது கையில் நீளமான மூங்கில் சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டுக்கும் வேறு வேறு வேலை. எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் முதல் வாரம் இடது மணிக்கட்டு வலிக்கும், சிம்பு முந்திக்கொண்டு ஓடும், நடந்துகொண்டே அடிக்கச் சொன்னால் கால் தாளத்தை விட்டுவிடும். ஒத்தையடித் தாளம் ஒழுங்காக நிற்கவே என் வகுப்பில் பத்து நாள் ஆகும். ஒன்றிரண்டு பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் அது வீட்டில் கேட்டுப் பழகிய காது. பாட்டு டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குச் சுருதி சீக்கிரம் பிடிபடுகிறதே, அதே கதைதான். அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் ரத்தம் என்று சொல்வதில்லை, நல்ல பயிற்சி என்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்து, அதற்காக ஊரில் அடியும் ஒதுக்கமும் பட்ட தாத்தாக்கள் பல ஊர்களில் உண்டு. அவர்களுடைய பேரன் கையில், அவனை ஒரு வார்த்தை கேட்காமல் பறையைக் கொடுத்தால், பாட்டில் எத்தனை முறை சமத்துவம் வந்தும் என்ன பயன்?

திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே அடித்த பறையைத் தலித் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஊர் திரும்பிப் பார்த்தது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டைக் கிராமங்களில் கலைக்குழு பாடிவிட்டு வண்டி ஏறிப் போய்விடவில்லை. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இரவு வகுப்பு இருந்தது, பெண்கள் சைக்கிள் பழகியது இருந்தது. நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

"மற்ற பெற்றோர் சண்டைக்கு வருவாங்க சார்" என்று தலைமையாசிரியர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். 2025இல் பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அப்படியும் தம் பிள்ளை பறை தொடுவதை விரும்பாத வீடுகள் இருக்கின்றன. வரட்டும், உட்காரவைத்துப் பேசுங்கள். நானும் வருகிறேன். உங்கள் வேலையில் கடினமான பகுதி அதுதான், மேடை அலங்காரம் அல்ல.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் முதல் வாரம் பறை, கும்மி, வசனம் மூன்றையும் தொட்டுப் பார்க்கட்டும், அப்புறம் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள், காரணம் தோண்டாதீர்கள். அந்தப் பள்ளியில் ஒரு நாள் சண்டை போட்டு இப்படி மாற்றினோம். சிம்புக்குச்சி உருட்டிய பையன் வசனத்துக்குப் போனான். கும்மியிலிருந்து வந்த ஒரு பெண் அவனுடைய பறையை வாங்கிக்கொண்டாள். வார் நீளம், பறை முட்டியில் இடித்தது, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

ஆயத்தப் பாட்டைக் கையில் திணிக்காதீர்கள், பிள்ளைகள் நான்கு வரி எழுதட்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்ததை மேடைக் கதையாக்கவே கூடாது, பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். தோல் காய்ச்சத் தீ மூட்டும்போது பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் சலங்கை கழற்றும் நேரத்தில்தான் ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் வந்து, "டீச்சர், எங்க அக்காவுக்கு அடுத்த மாசம்..." என்று ஆரம்பிப்பாள். அந்த நேரத்தில் குழுப்படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். தனியாக அழைத்து உட்காரவையுங்கள், முழுதாகக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அதை அவளிடம் சொல்லி அனுப்பிவிடாமல் நீங்களே அழையுங்கள்.