இடைமுகம்: நரம்பும் கருவியும் சந்திக்கும் இடம்

மொரிசியஸில் நமக்குப் படிப்பு ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கிரியோலில். மூன்றிலும் 'இன்டர்ஃபேஸ்' உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறி வந்துவிடும், அதனால் இதற்கு வேறு சொல் வேண்டுமா என்ற கேள்வியே தமிழ் வகுப்பில்தான் எழுகிறது.

'இன்டர்' என்றால் இடை, 'ஃபேஸ்' என்றால் முகம், இரண்டுக்கும் வேர் லத்தீன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்பியலில் புழக்கத்துக்கு வந்தபோது, எண்ணெயும் தண்ணீரும் போல இரு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பு என்பதே இதன் பொருள். கணினித் திரை, பொத்தான் என்ற பொருளெல்லாம் அப்புறம் வந்தது.

உலோகம், பிளாஸ்டிக் போன்றவற்றின் தன்மையை ஆராயும் பொருளறிவியலார் இன்றும் அந்தப் பழைய அர்த்தத்தில்தான் இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் மல்லியாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர், நெதர்லாந்தின் குரோனிங்கனில் முனைவர் பட்டம், பிறகு அமெரிக்காவில் கார்னெல், பிரான்சில் கர்தான் என்று பணியிடங்கள் மாறின. ஒளியுமிழும் கரிமக் குறைகடத்திகளில் (ஆர்கானிக் செமிகண்டக்டர்) தொடங்கியவர் நரம்போடு இணையும் கருவிகளுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு இதில் வியப்பில்லை, ஏனென்றால் அங்கே இருக்கும் சிக்கலே கருவியைச் செய்யும் பொருளின் சிக்கல்தான்: மூளைத் திசுவின் விறைப்பு கிலோபாஸ்கல் அளவு, சிலிக்கனுடையது நூறு கிகாபாஸ்கலுக்கும் மேல், அதாவது கோடிக்கணக்கான மடங்கு. மூளையில் செருகிய விறைப்பான மின்முனை (எலக்ட்ரோடு) ஊசியைச் சுற்றி நாளடைவில் தழும்பு வளர்கிறது, சமிக்ஞை மங்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நரம்பில் மின்சாரத்தைச் சுமப்பவை சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள். உலோகக் கம்பியில் சுமப்பவை எலக்ட்ரான்கள். கப்பலில் வந்த சரக்கு போர்ட் லூயிஸில் இறங்கி லாரிக்கு மாறுகிற மாதிரி, இங்கேயும் சுமப்பவர் மாறியாக வேண்டும். உலோகத்தில் அந்த மாற்றம் மேற்பரப்பில் மட்டும் நடக்கும். பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பலபடிக்குள் (பாலிமர்) அயனிகள் முழுவதுமாகப் புகுந்துவிடும், அதனால் சின்ன மின்முனைகூட நரம்பின் சமிக்ஞையை நன்றாகக் கேட்கும். 2015இல் மல்லியாரஸும் நியூயார்க்கின் கியோர்கி புசாக்கி குழுவினரும் வெளியிட்ட 'நியூரோகிரிட்' கருவியின் மின்முனைகளில் இருப்பது இந்தப் பொருள்தான். மெல்லிய படலமாக மூளையின் மேற்பரப்பில் கிடந்தபடியே, உள்ளே குத்தாமல், தனித்தனி நியூரான்களின் துடிப்பைப் பதிவுசெய்தது.

சரி, தமிழில்? 'இடைமுகம்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது என்று சிலர் ஒதுக்குகிறார்கள், முகம் வடசொல் என்பவர்களும் உண்டு. எனக்கு அது முழுக்கப் பொருந்துகிறது. தமிழில் முகம் என்பது மூஞ்சி மட்டுமல்ல, வாசலும்கூட: துறைமுகம், முகத்துவாரம். இரண்டு உலகங்கள் சந்தித்துக் கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடத்துக்கு நம் மொழி ஏற்கெனவே வைத்திருக்கும் சொல் அது. 'இடைப்பரப்பு' என்பதை வெறும் தொடுபரப்புக்கு, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பதற்கு, வைத்துக்கொள்ளலாம். நரம்போடு பேசும் கருவிக்கு 'நரம்பு இடைமுகம்' என்றும், துறைக்கு 'உயிர்மின்னணுவியல்' என்றும் எழுதுங்கள். 'பயோ எலக்ட்ரானிக் இன்டர்ஃபேஸ்' என்று அப்படியே தமிழ் எழுத்தில் போட வேண்டியதில்லை.