வெண்கலக் கோரி முட்டையிட எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

வெண்கலக் கோரி என்ற தொட்டி மீனைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அடியில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டிருக்கும் மீன் திடீரென்று நேராக மேலே பாயும். நீர்மட்டத்தில் ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு, அடுத்த நொடி பழைய இடத்துக்கே வந்து துழாவத் தொடங்கும். புதிதாக வாங்கியவர்கள் மீனுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று பதறிப்போவார்கள். எப்போதாவது ஒருமுறை பாய்ந்தால் பயப்பட வேண்டாம். விழுங்கிய காற்று குடலின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கே குடல்சுவர் மெல்லியது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ஆக்சிஜன் அங்கே இரத்தத்தில் கலந்துவிடும், மிச்சக் காற்று ஆசனவாய் வழியாக வெளியேறிவிடும். செவுளோடு குடலாலும் மூச்சுவிடும் கெளுத்தி இது.

தொட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் நினைத்துப் பார்ப்பது இந்தப் பாய்ச்சலைத்தான். தண்ணீர் 45 செ.மீ. ஆழம் என்றால் ஒவ்வொரு மிடறு காற்றுக்கும் மீன் போக வர 90 செ.மீ. நீந்த வேண்டும். 25 செ.மீ. ஆழம் என்றால் 50 செ.மீ. போதும். மீனின் நீளமோ 6, 7 செ.மீ.தான். உயரமான தொட்டி நம் கண்ணுக்கு அழகு, கோரிக்கு வீண் அலைச்சல்.

அதனால் ‘எத்தனை லிட்டர்?’ என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். 45 நீளம், 30 அகலம், 40 உயரம் உள்ள தொட்டியும் அதே 54 லிட்டர்தான். ஆனால் முதலாவதில் தரை 1,800 சதுர செ.மீ., இரண்டாவதில் 1,350. தரையிலேயே மேய்ந்து வாழும் மீனுக்கு இது பெரிய வித்தியாசம். மேலே காற்றைத் தொடும் நீர்ப்பரப்பும் இதே கணக்கில் கூடும், குறையும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அந்தப் பரப்பு வழியாகத்தான்.

இந்த மீனை 1858இல் டிரினிடாட் தீவிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து முதன்முதலில் விவரித்தார்கள். தென்னமெரிக்காவின் மெதுவாக ஓடும் ஓடைகள் இதன் வீடு. கோரிடோரஸ் என்ற பெரிய பேரினத்தை 2024இல் பல துண்டாகப் பிரித்தபோது, வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்துக்குப் போய்விட்டது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கோரி என்று கேட்டாலே போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இனப்பெருக்கத்துக்கு ஆறு மீன்களாவது வேண்டும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற விகிதம் நல்லது. மேலிருந்து பார்த்தால் பெண்ணின் வயிறு அகன்று தெரியும், ஆண் ஒல்லியாக இருக்கும். இந்த ஆறுக்கும் நான் சொல்வது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி. அதிலும் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். 25 செ.மீ. வரை நிரப்பினால் 45 லிட்டர் பிடிக்கும்.

இன்னும் பெரிதாக வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல்முறை நான்கடித் தொட்டியில் முயன்றேன். மீன்கள் செழிப்பாக வளர்ந்தன, எட்டு மாதம் ஒரு முட்டைகூட இல்லை. காரணம் மழை. ஓடையில் மழைக்காலம் தொடங்கும்போது குளிர்ந்த, உப்பு குறைந்த புதுநீர் வந்து சேர்கிறது. குஞ்சுகளுக்கு இரை பெருகப்போகும் காலம் அது. அந்தக் குளிர்ச்சியே மீனின் உடலுக்கு அடையாளம். வீட்டில் அந்த மழையை நாம்தான் பெய்விக்க வேண்டும். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். 45 லிட்டர் தொட்டியில் பாதி என்றால் 15 லிட்டர் வாளியில் ஒன்றரை வாளி. என் நான்கடித் தொட்டியில் 240 லிட்டர் இருந்தது, அதில் பாதி எட்டு வாளி. நான் ஊற்றிய இரண்டு வாளி அந்தத் தண்ணீரை அரை டிகிரிகூடக் குளிரவைத்திருக்காது. இரண்டடித் தொட்டிக்கு மாற்றி, இரவு முழுக்க மண்பானையில் வைத்த தண்ணீரை ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் முட்டை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்கள் இதற்கு ரொம்பவே தோது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அதற்காக 15, 20 லிட்டர் தொட்டியில் ஆறு கோரிகளை அடைக்கக் கூடாது. மீன் கழிக்கும் அம்மோனியா, 50 லிட்டரில் கரைவதைவிட 10 லிட்டரில் கரைந்தால் ஐந்து மடங்கு அடர்த்தியாகிவிடும். பெண்ணை இரண்டு மூன்று ஆண்கள் மணிக்கணக்கில் துரத்தும். அதற்கு ஓட இடம் வேண்டும், நடுவில் ஒதுங்கி நிற்கவும் இடம் வேண்டும்.

அந்தத் துரத்தல் முடியும் விதம் நேரில் பார்க்க வேண்டியது. ஆண் பக்கவாட்டில் குறுக்கே நிற்கும், பெண் அதன் வயிற்றுப் பக்கத்தில் வாயைப் பொருத்தும். இரண்டும் சேர்ந்து ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல அசையாமல் நிற்கும். பெண் தன் இடுப்புத் துடுப்புகள் இரண்டையும் கூடைபோலக் குவித்து, அதில் சில முட்டைகளை இடும். விந்து எப்படி முட்டைக்குப் போகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் விடையை வெளியிட்டார்கள்: பெண் விந்தைக் குடிக்கிறது. அது செரிக்காமல் குடல் வழியாகச் சில நொடிகளில் கடந்து, துடுப்புக் கூடையில் இருக்கும் முட்டைகள் மேலேயே வந்து விழுகிறது. காற்றுக்குப் பழகிய அதே குடல்! தண்ணீரில் விந்தைப் பரவவிடும் மீனுக்கு அது நீரில் கலைந்துபோகும் அபாயம் உண்டு. கோரிக்கு அந்தக் கவலை குறைவு. அப்புறம் பெண் தனியே நீந்தி, கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் தடவிப் பார்த்து, முட்டைகளை ஒட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும்.

ஒரே நாளில் நூறு முட்டைக்கு மேல் சேரும். கடுகளவு இருக்கும், வெளிர் மஞ்சள் நிறம். பெற்றோர் அதே முட்டைகளைத் தின்னவும் தயங்காது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டையின் தோல் இறுகியதும், விரல் நுனியால் மெல்ல உருட்டி எடுத்துவிடலாம்.

இங்கேதான் இரண்டாவது தொட்டி வேண்டும், அது சின்னதாக இருப்பதே நல்லது. 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவான தண்ணீர், மெதுவாகக் குமிழிடும் ஏர் ஸ்டோன். தண்ணீர் தாய்த் தொட்டியிலிருந்தே எடுத்ததாக இருக்கட்டும். காய்ந்த நாட்டுப் பாதாம் இலை ஒன்றைப் போட்டால் பூஞ்சை கட்டுப்படும். வெள்ளையாக மாறிய முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிந்துவிடும்.

பொரித்த குஞ்சு முதல் இரண்டு நாள் வயிற்றில் இருக்கும் கருவுணவிலேயே வாழும். அது தீர்ந்ததும் ஆரம்பிக்கிற சிக்கலில்தான் பலர் குஞ்சுகளை இழக்கிறார்கள். குஞ்சு இரையைத் தேடி வெகுதூரம் போகாது, பக்கத்தில் தட்டுப்படுவதைத்தான் தின்னும். ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளை ஒரு சிட்டிகை 5 லிட்டரில் விட்டால் எங்கு திரும்பினாலும் இரை. அதையே 50 லிட்டரில் விட்டால் நிறைந்த தொட்டியிலேயே குஞ்சு பட்டினி கிடக்கும். ஆனால் அதே 5 லிட்டரில் மிச்ச இரை அழுகினால் ஒரே இரவில் நீர் கெட்டுவிடும். இரை அடர்த்தி சின்னத் தொட்டியைக் கேட்கிறது, நீரின் சுத்தம் பெரிய தொட்டியைக் கேட்கிறது. நான் கண்ட வழி, சின்னதில் தொடங்கி, தினமும் இருமுறை அடியில் சேரும் கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி, எடுத்த அளவு அதே வெப்பமுள்ள நீரை ஊற்றுவது. இரண்டு வாரத்தில் 45க்கு 30 செ.மீ. தரை உள்ள தொட்டிக்கு மாற்றி, 15 செ.மீ. மட்டும் நிரப்புவேன். அது 20 லிட்டர் ஆகும். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைத்தான் அதில் வைப்பேன், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அதிலேயே குடியிருக்கும்.

குள்ளக் கோரி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். பிக்மி கோரி என்ற அந்தக் குள்ள வகை இரண்டரை செ.மீ.தான். தரையை விட்டு நடுநீரில் கூட்டமாக நீந்தும், முட்டையும் குறைவாகவே இடும். பத்து மீனுக்கு ஒன்றரையடித் தொட்டி தாராளம். பாசியும் செடியும் நிறைய வேண்டும்.

வெண்கலக் கோரிக் குஞ்சுகள் இரண்டு செ.மீ. தாண்டியதும் பெற்றோரிடம் விட்டுவிடலாம். அதற்குள் அவையும் மேலே பாய்ந்து காற்று விழுங்கப் பழகியிருக்கும்.