உறுமும் நாயை ஏன் அடிக்கக் கூடாது?

பயிற்சிக்குக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "எத்தனை நாள்ல அடங்கும்?" என்பதுதான். நாயை அடக்குவது பெரிய வித்தை இல்லை. கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டி நாலு சுண்டு சுண்டினால் அடங்கிவிடும். காதைப் பின்னுக்கு ஒட்டிக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்காரும். வீட்டுக்காரரும் "இப்ப எவ்வளவு சமத்தா இருக்கு பாருங்க" என்று பூரித்துப்போவார். அந்த நாய் உட்காரவோ கூப்பிட்டால் வரவோ கற்றுக்கொண்டிருக்காது. சும்மா இருந்தால் வலிக்காது என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கும்.

நான் இந்தத் தொழிலுக்குக் கால்நடை மருத்துவமனை வழியாக வந்தவன். அங்கே உதவியாளனாக இருந்தபோது என் வேலையில் பாதி நாயைப் பிடித்துக்கொள்வது: ஊசி போட, காது பார்க்க, நகம் வெட்ட. நாய்க்குப் பாதத்திலும் வியர்க்கும். பயந்த நாயை மேசையில் ஏற்றி இறக்கினால் அந்த இடத்தில் ஈரத் தடம் பதிந்திருக்கும். நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்ட நாய், அடுத்த முறை வாசலிலேயே நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். தரையிலேயே வைத்துப் பரிசோதித்து, ஊசி ஏறும் நேரத்தில் நக்குவதற்கு ஏதாவது கொடுக்கப்பட்ட நாய் அடுத்த முறை வாலாட்டிக்கொண்டு உள்ளே வரும். ஒரே மருத்துவர், ஒரே ஊசிதான். இந்த வித்தியாசத்தைத் தினமும் பார்த்ததால்தான் பயிற்சியாளர் ஆனபோது சங்கிலியைச் சுண்டும் பக்கம் நான் போகவே இல்லை.

"நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும் சார், இல்லன்னா தலைமேல ஏறிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர் ஓநாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆராய்ச்சியாளர் அடைப்பில் வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை பதவிக்காகச் சண்டை போடுவதாக எழுதினார். 1970-இல் ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக், காட்டில் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டார். எழுதியவரே விட்டுவிட்டதை நாய் வளர்க்கிறவர்கள்தான் இன்னும் விடவில்லை.

உறுமல் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் கடி வழக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கேட்கும் வாக்கியம், "திடீர்னு கடிச்சிடுச்சு". நாய் திடீரென்று கடிப்பது அபூர்வம். ஒரு குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். நாய் முதலில் உதட்டை நக்கும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரியும். அப்போதும் குழந்தை விடாவிட்டால் உடம்பு கட்டையாக இறுகும், வாய் மூடிக்கொள்ளும். அடுத்ததுதான் உறுமல். அதற்கும் பலன் இல்லையென்றால் காற்றில் ஒரு கவ்வு, கடைசியாகக் கடி. இவ்வளவையும் நாய் சொல்லித்தான் பார்க்கிறது. உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால் உறுமலை விட்டுவிடும். உறுமவைத்த பயம் அப்படியே இருக்கும். அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உறுமுகிற நாயைவிட, உறுமியதற்காக அடி வாங்கிப் பழகிய நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் எனக்குப் பயம்.

அமெரிக்காவில் நடத்தைப் பிரச்சினைக்காகச் சிகிச்சைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் எடுத்த ஆய்வு 2009-இல் வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் பதிலுக்குச் சீறின அல்லது தாக்க வந்தன. அவை ஏற்கெனவே பிரச்சினை உள்ள நாய்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடி வாங்குவதும் பெரும்பாலும் அந்த நாய்கள்தானே. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. அதிகம் தண்டிக்கும் பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாக இருந்தன, பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் ஏறியிருந்தது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல், எல்லா நாய்ப் பயிற்சிக்கும், சரியாகச் செய்ததற்குப் பரிசு கொடுக்கும் வெகுமதி முறையையே பயன்படுத்தச் சொல்லி அறிக்கை வெளியிட்டது.

"வெகுமதின்னா லஞ்சம்தானே? கையில ட்ரீட் இருந்தாத்தான் கேட்கும்" என்று கேட்பார்கள். ட்ரீட்டை, அதாவது பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத்தை, காட்டிவிட்டு "உட்கார்" என்று சொன்னால் அப்படித்தான் ஆகும். முதலில் சொல்ல வேண்டும், நாய் உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும். உட்கார்ந்து ஒரு நொடிக்குள் "எஸ்" என்றோ, அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவியான கிளிக்கரை அழுத்தியோ 'இதுதான் சரி' என்று தெரிவித்துவிட வேண்டும். மூன்று நொடி தாமதித்தால் நாய் அதற்குள் எழுந்திருக்கும். எழுந்ததற்குப் பரிசு கொடுத்தவர் ஆவீர்கள். ட்ரீட் பட்டாணி அளவு போதும், அதையும் அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்கத் தேவையில்லை. பந்து, கதவு திறப்பது, புல்லை மோந்து பார்க்க விடுவது, எல்லாம் வெகுமதிதான்.

வழக்கமாக விரும்பித் தின்பதை வெளியில் நாய் வாங்க மறுத்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது பயத்திலோ பதற்றத்திலோ இருக்கிறது. அங்கே பயிற்சியை நிறுத்திவிட்டுத் தூரத்தைக் கூட்டுங்கள்.

நகம் வெட்டுவதை நான் எப்படிப் பழக்குகிறேன் என்று சொல்கிறேன். தரையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, நாய் அதன்மேல் தாடையை வைத்தால் ட்ரீட். இதுவே சில நாள் நடக்கும். பிறகு தாடை துண்டில் இருக்கும்போது பாதத்தைத் தொடுகிறேன், ட்ரீட். அடுத்து நெயில் கட்டரை நகத்தில் வெறுமனே வைத்து எடுக்கிறேன், ட்ரீட். பிறகு ஒரே ஒரு நகத்தின் நுனி. எப்போது நாய் தாடையைத் தூக்குகிறதோ அப்போதே என் கை விலகிவிடும். இப்படிப் போனால் ஒரு வருஷம் ஆகுமே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். தாடையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார் என்று புரிந்துகொண்ட நாய்தான் தூக்காமல் இருக்கிறது. மூன்று பேர் பிடித்தும் வெட்ட முடியாத நாய்களுக்கு நகம் வெட்டுவது பின்னால் ஒரு ஆள் வேலையாகிவிடுகிறது.

அதற்காக நாய் என்ன செய்தாலும் விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. மேலே தாவினால் திரும்பி நின்றுகொள்ளுங்கள், நாலு காலும் தரையில் பட்டதும் கொஞ்சுங்கள். செருப்பைக் கடித்தால் செருப்பை உள்ளே வையுங்கள், கடிக்க வேறு கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும் பழைய குற்றத்துக்குத் திட்டுவதில் பயனே இல்லை. அந்தக் 'குற்ற உணர்ச்சி முகம்' உங்கள் குரலுக்கு வருவது. செருப்பைத் தொடாத நாயும் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டும். இதை 2009-இல் நாய் நடத்தை ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்தே காட்டினார்.

பயிற்சியாளரைத் தேடுகிறீர்கள் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தாலோ, "அதை நாங்க பாத்துக்கறோம், நீங்க வெளியில இருங்க" என்றாலோ நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எத்தனை நாளில் சரியாகும் என்று உத்தரவாதம் கொடுப்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் இப்போது தொட்டாலே உறுமுகிறது என்றால் பயிற்சியாளரைத் தேட வேண்டாம். காதில் சீழ், பல்வலி, மூட்டு வலி எதுவாகவும் இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.