கனமான பெட்டியும் வற்றிப்போகும் மின்தேக்கியும்

படத்தையும் ஒலியையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஹோம் தியேட்டர் ரிசீவரைக் கடையில் தூக்கிப் பார்த்து, கை வலித்தால் நல்ல பொருள் என்று முடிவுகட்டும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது முற்றிலும் தவறன்று. அந்தக் கனத்தில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மருக்கும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்குக்கும் உரியது. இவை தாராளமாக அமைந்தால் ஆம்ப்ளிஃபயர் திணறாது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் எளிதில் பழுதாவதில்லை. பல பெட்டிகளை முடக்கிப்போடுவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துத் தரும், சுண்டுவிரல் நுனியளவே உள்ள எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, மெக்கானிக்குகள் வாயில் கெப்பாசிட்டர்.

இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே மின்பகுதிரவத்தில் ஊறிய காகிதத்தை வைத்துச் சுருட்டி, சிறு அலுமினியக் குப்பியில் அடைத்து, அடியை ரப்பரால் மூடினால் அதுதான் மின்தேக்கி. ரப்பர் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் திரவத்தின் ஆவி ஆண்டுக்கணக்கில் அதன் வழியே கசிந்துகொண்டே இருக்கும். திரவம் குறையக் குறைய மின்தேக்கியின் கொள்ளளவு சரிகிறது, உள்தடை ஏறுகிறது. ஏறிய உள்தடை கூடுதல் வெப்பத்தை உண்டாக்க, அந்த வெப்பம் எஞ்சிய திரவத்தையும் விரைந்து வற்றச் செய்கிறது. மின்வழங்கியின் (பவர் சப்ளை) பெரிய மின்தேக்கிகள் இப்படித் தளர்ந்தால், நம் ஊரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒருதிசை மின்சாரமாக நேராக்கப்படும்போது எழும் 100 ஹெர்ட்ஸ் அலைவு முழுவதும் அடங்காமல், ஸ்பீக்கரில் மெல்லிய உறுமலாகக் கேட்கத் தொடங்கும்.

மின்தேக்கியின் மேலுறையில் 85 அல்லது 105 என்று செல்சியஸ் அளவு அச்சிட்டிருப்பார்கள். 105 பாகையில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று அறிவிக்கப்பட்ட ஒன்று, வெப்பநிலை 10 பாகை குறையும்தோறும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. பெட்டிக்குள் 65 பாகை நிலவினால் அது 32,000 மணி நேரமாகிறது. நாளுக்கு 5 மணி நேரம் கேட்பவருக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் வரும். அதே இடத்தில், 85 பாகையில் 2000 மணி நேரம் என்று அறிவிக்கப்பட்ட வகையைப் பொருத்தினால் 8000 மணி நேரம்தான், அதாவது நான்கரை ஆண்டுகூட இல்லை. அந்த நாளோடு அது செத்துவிடும் என்பதில்லை. அறிவித்த அளவுகளுக்குள் நிற்கும் என்ற உறுதி அத்தோடு முடிகிறது.

இக்கணக்கில் பலர் கவனிக்காத ஓரிடம் காத்திருப்பு நிலை. ரிமோட்டின் கட்டளைக்காக ஒரு சிறு மின்வழங்கி இரவும் பகலும் விழித்திருப்பதால், அதன் மின்தேக்கி 65 பாகையில் இருந்தால் அந்த 32,000 மணி நேரமும் நான்கு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். என் ரிசீவர் ஒரு நாள் எழாமல் சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்டியபோது மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய மின்தேக்கிகள் பளபளவென்றிருந்தன. சூடேறும் மின்தடை ஒன்றை ஒட்டி நின்ற குட்டி மின்தேக்கியின் தலை மட்டும் புடைத்து, அதில் கீறியிருந்த கோடுகளின் வழியே பழுப்புக் கசிவு உலர்ந்திருந்தது. அக்கோடுகள் உள்ளழுத்தம் மிகும்போது குப்பி வெடித்துவிடாமல் பிளந்து கொடுப்பதற்கென்றே இடப்பட்டவை. மின்தேக்கியின் தரத்தைவிட, அதை அந்த மின்தடையின் பக்கத்தில் நிறுத்திய வடிவமைப்பின் மீதுதான் எனக்குக் கோபம்.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான ரிசீவர்களில் உள்ள ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபயர், ஒலியே இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்கள் வழியே சிறிது மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. வீட்டில் கேட்கும் மெல்லிய ஒலியளவில், அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போகிறது. டி வகுப்பு வகைகள் இதில் மேலானவை. படத்தைக் கையாளும் எச்டிஎம்ஐ பலகையின் பெரிய சிப்பும் தன் பங்குக்குச் சூடேறும். சிப்பும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அடியிலுள்ள சாலிடர் மணிகளில் நாளடைவில் வெடிப்பு விழுந்து, ஒலி வந்தாலும் படம் வராமல் போகும். டிவி அலமாரியின் மூடிய அறைக்குள், மேலே செட்-டாப் பாக்ஸையும் ஏற்றிவைத்த ரிசீவருக்கு இவை எல்லாமே முன்கூட்டி நேரும்.

ஸ்பீக்கரில் கதை வேறு. அங்கே பகை ஈரப்பதம். கூம்பைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன் நுரை விளிம்பு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிதைவதால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விரல் பட்டாலே பொடியாக உதிரும். பியூட்டைல் ரப்பர் விளிம்பு அதைவிட நெடுங்காலம் தாங்கும். காந்தமும் கம்பிச்சுருளும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, புதிய விளிம்பை ஒட்டினால் போதும்.