நடுவழியில் நிற்கும் கதிர்: புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை

ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் "ஒன்றுமே தெரியவில்லை" என்பதுதான். வலி கிடையாது, சூடு கிடையாது. மேஜைமேல் படுத்தோம், எங்கோ டிக் டிக்கென்று சத்தம் கேட்டது, எழுந்து வந்துவிட்டோம் என்பார்கள். அதே ஆட்கள், நிறைந்த சிறுநீர்ப்பையோடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததையும், ஆசனவாய் வழியாகத் தினமும் ஒரு பலூன் வைக்கப்பட்டதையும் விலாவாரியாகச் சொல்வார்கள். இந்தச் சிரமமெல்லாம் எதற்கு என்று புரிந்துகொண்டால், புரோட்டான் எதில் கெட்டிக்காரன், எதில் சாதாரணம் என்பதும் விளங்கிவிடும்.

நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோமே, அந்த வழக்கமான கதிர்வீச்சு சிகிச்சை உயர் ஆற்றல் எக்ஸ்ரேயைக் கொண்டு நடப்பது. அது தோலுக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் உச்ச அளவைக் கொடுத்துவிட்டு, மெல்ல மெல்லக் குறைந்தபடி போய் மறுபக்கமாக வெளியேறும். புராஸ்டேட் இருப்பது இடுப்புக் கூட்டின் நடுவில். அதற்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னால் ஒட்டினாற்போல மலக்குடல். ஒரே திசையிலிருந்து எக்ஸ்ரே செலுத்தினால் வழியில் இருப்பதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதனால் ஐஎம்ஆர்டி போன்ற இன்றைய முறைகளில், பல திசைகளிலிருந்து செறிவைக் கூட்டிக் குறைத்துச் செலுத்துகிறார்கள். எல்லாக் கதிர்களும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு உயரும். சுற்றியுள்ள பகுதி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் நனையத்தான் செய்யும்.

புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அணுவின் கரு. அதற்கு நிறை உண்டு, மின்சுமை உண்டு. உடலுக்குள் போகும்போது வழியிலுள்ள எலக்ட்ரான்களை இழுத்துத் தன் ஆற்றலைச் சிறுகச் சிறுக இழக்கிறது. வேகமாகப் போகும்வரை ஒவ்வோர் அணுவின் பக்கத்திலும் இருக்கும் நேரம் குறைவு, கொடுக்கும் ஆற்றலும் குறைவு. வேகம் குறையக் குறையக் கொடுப்பது கூடும். புறவழிச்சாலையில் எங்கும் நிற்காமல் வந்த பேருந்து, ஊருக்குள் நுழைந்ததும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆட்களை இறக்கிவிடுகிற மாதிரி. கடைசிச் சில மில்லிமீட்டரில் மிச்சத்தையெல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. கடைசியில் வரும் இந்த உச்சத்துக்கு பிராக் உச்சம் என்று பெயர். வில்லியம் ஹென்றி பிராக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆல்ஃபா துகள்களை ஆராய்ந்தபோது கண்டறிந்தது இது.

எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைப் புரோட்டானின் ஆற்றலை வைத்து முடிவு செய்யலாம். 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் ஒளியின் வேகத்தில் சுமார் 60 சதவீதத்தில் கிளம்பி, தண்ணீரில் ஏறத்தாழ 33 செ.மீ. போய் நிற்கும். உச்சம் மெல்லியது, கட்டியோ சில செ.மீ. தடிமன் கொண்டது. அதனால் வெவ்வேறு ஆற்றல்களில் அடுக்கடுக்காகச் செலுத்தி, கட்டி முழுவதையும் நிரப்புகிறார்கள்.

இதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் செலுத்தப்பட்டது. அப்புறம் வெகுகாலம் இது இயற்பியல் ஆய்வுக்கூடங்களில், ஆராய்ச்சி எந்திரத்தின் ஓய்வு நேரத்தில் நடந்த சிகிச்சையாகவே இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே முதன்முதலாக இதற்கென எந்திரம் அமைத்தது கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழக மருத்துவ மையம். 1990இல் அங்கே சிகிச்சை தொடங்கியது. அதன் முடுக்கியை, அதாவது புரோட்டான்களை வேகமேற்றும் எந்திரத்தை, கட்டிக்கொடுத்தது, வில்சன் முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய ஃபெர்மிலேப் இயற்பியல் ஆய்வுக்கூடம். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புரோட்டான் என்றதும் பலர் பேசும் அனுபவங்களில் பெரும்பகுதி லோமா லிண்டாவிலிருந்து கிளம்பியவைதான்.

அங்கே அந்த நாளில் ஓர் அமர்வு எப்படி நடந்தது என்று பார்க்கலாம். முதல் வேலை, ஆளுக்கேற்ற தொட்டில் செய்வது. குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டியது போன்ற பிளாஸ்டிக் தொட்டிலில் படுக்கவைத்து, உடம்பைச் சுற்றி நுரை ஊற்றுவார்கள். அது உப்பி இறுகி, முதுகும் கால்களும் பதிந்த அச்சாக மாறும். தினமும் அதே அச்சில்தான் படுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் வாக்கில் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை மேலெழும்பி, அதன் பெரும்பகுதி கதிர்ப் பாதையிலிருந்து விலகும். அப்புறம் ஒரு பலூனை மலக்குடலில் வைத்து, அதில் நூறு மில்லிக்கு அக்கம்பக்கமாகத் தண்ணீர் நிரப்புவார்கள். பலூன் புராஸ்டேட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும், மலக்குடலின் பின்சுவரை எட்டத் தள்ளிவைக்கும். காற்றை விட்டுத் தண்ணீரை நிரப்புவதற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் புரோட்டான் பெரிதாக வேகம் இழக்காது. பாதையில் ஒரு வாயுக் குமிழி இருந்தாலே கதிர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். எக்ஸ்ரே இதற்கெல்லாம் அவ்வளவு அலட்டிக்கொள்ளாது.

படுத்ததும் எக்ஸ்ரே படம் எடுத்து எலும்புகளின் இடத்தைச் சரிபார்ப்பார்கள். இப்போது பல மையங்களில் புராஸ்டேட்டுக்குள்ளேயே அரிசியை விடச் சிறிய தங்கத் துணுக்குகளை முன்கூட்டியே பதித்துவிட்டு, படத்தில் அவற்றைப் பார்த்து மேஜையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறார்கள். மூன்று மாடி உயரமும் 90 டன் எடையும் கொண்ட கேன்ட்ரி என்ற சுழலும் அமைப்பு சுவருக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது அதன் மூக்கு மட்டும்தான். கதிர் பாய்வது ஒன்றிரண்டு நிமிடம். ஆனால் ஒரே முடுக்கி பல அறைகளுக்கும் புரோட்டானைப் பகிர்ந்து கொடுக்கிறது. பக்கத்து அறையில் வேலை முடியும்வரை, நிறைந்த சிறுநீர்ப்பையோடு அசையாமல் காத்திருக்க வேண்டும். பலருக்கும் சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி இதுதான்.

பலூனுக்குப் பதிலாக இப்போது சில இடங்களில் புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஒரு ஜெல்லை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அது இரண்டையும் 1 செ.மீ. அளவுக்குப் பிரித்து வைத்து, மாதங்கள் போனபின் தானே கரைந்துவிடும். தினசரிப் பலூன் தொல்லையிலிருந்து இது ஒரு விடுதலை.

சரி, இவ்வளவு துல்லியமாக நிற்கத் தெரிந்த கதிரை முன்பக்கமாகச் செலுத்தி, மலக்குடலுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் என்ன? செய்வதில்லை. புரோட்டான் சரியாக எங்கே நிற்கும் என்பதை சிடி ஸ்கேனில் தெரியும் அடர்த்தியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 3.5 சதவீதம் வாக்கில் பிழைக்கு இடம் விடுவது வழக்கம். 25 செ.மீ. பாதைக்கு இது ஏறத்தாழ 9 மி.மீ. மலக்குடலின் முன்சுவரோ சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. முன்பக்கமாகச் செலுத்தும்போது வழியில் சிறுநீர்ப்பை வேறு இருக்கிறது, அது தினமும் ஒரே அளவில் நிரம்புவதில்லை. கணக்குத் தப்பினால் உச்சமே மலக்குடலில் போய் விழும். அதனால் வலது, இடது இடுப்புகளின் வழியாகப் பக்கவாட்டில்தான் பெரும்பாலும் செலுத்துகிறார்கள். இடுப்பில் உலோக மூட்டு பொருத்தியவருக்கு அந்தப் பக்கம் அடைபட்ட பாதை.

பக்கவாட்டில் செலுத்தும்போது மலக்குடலைக் காப்பது கதிர் நிற்கும் முனை அல்ல, அதன் பக்க விளிம்பு. அவ்வளவு ஆழம் போன புரோட்டான்கள் அணுக்களில் பட்டுப் பட்டுச் சிதறியிருக்கும். விளிம்பு 1 செ.மீ. அளவுக்கு மங்கிப்போயிருக்கும். இன்றைய எக்ஸ்ரேயின் விளிம்பை விட இது கூர்மையானது என்று சொல்ல முடியாது. புரோட்டானின் பெரும் பெருமையான அந்தச் சட்டென்ற நிறுத்தம், புராஸ்டேட் விஷயத்தில் மலக்குடல் பக்கம் பயன்படுவதே இல்லை. சுற்றுப்புறத் திசுக்களுக்குப் போகும் குறைந்த அளவுக் கதிர் நன்றாகவே குறைகிறது, அது உண்மை. புராஸ்டேட்டை ஒட்டியிருக்கும் மலக்குடல் சுவரும் சிறுநீர்ப்பையின் கழுத்தும் இரண்டு முறையிலும் உயர் அளவுக்குள்தான் இருக்கின்றன. தொந்தரவுகள் கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அந்தத் தொந்தரவுகளை நோயாளிகள் சொல்லும் வரிசையிலேயே சொல்லலாம். முதல் சில வாரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் அடிக்கடி சிறுநீர், ராத்திரியில் பலமுறை எழுந்திருப்பது, எரிச்சல், அவசரம். டாம்சுலோசின் போன்ற மாத்திரையில் பலருக்கு இது அடங்கும். கொஞ்சம் அசதி. இடுப்பின் இரு பக்கமும் தோல் கறுத்தோ சிவந்தோ போகலாம். இரண்டே திசையில் நுழைவதால் தோலுக்குப் பங்கு கூடுதல். மலத்தில் ரத்தம் வந்தால், பெரும்பாலும் சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்துத்தான் வரும், அதற்குள் ஆள் அதையெல்லாம் மறந்திருப்பார். விறைப்புத் தன்மை வருடக்கணக்கில் மெல்லக் குறையலாம். ஆண்கள் இதை மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள், சொல்ல வேண்டும், மருந்து இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகத் தூக்கலாம். பாதையிலிருக்கும் சில அணுக்கள் மிகச் சிறிய அளவில் கதிரியக்கம் பெறும், அதுவும் சீக்கிரமே தணிந்துவிடும்.

லோமா லிண்டாவில் சிகிச்சை பெற்றவர்கள் அந்தப் பலூனின் பெயரிலேயே ஒரு சகோதரச் சங்கம் அமைத்து, ஆயிரக்கணக்கில் சேர்ந்து, புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டினார்கள். அவர்களுடைய நன்றியுணர்வு உண்மையானது. அறையில் என்ன நடக்கும், எது கஷ்டம் என்று அவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புவேன். "எக்ஸ்ரேயை விட இதுதான் மேல்" என்று அவர்கள் சொல்வதை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் எடுத்துக்கொண்டது ஒரு சிகிச்சைதான், மற்றதை அவர் அனுபவிக்கவில்லை. தொடக்கநிலைப் புராஸ்டேட் புற்றுநோய் பொதுவாக மெதுவாக வளர்வது. பிரிட்டனின் ப்ரொடெக்ட் ஆய்வில் 1,643 பேர் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவு, பிரிவுகளுக்கிடையே பெரிய வித்தியாசமும் இல்லை. பத்து வருடமாக நன்றாக இருக்கிறேன் என்று எந்தப் பிரிவைச் சேர்ந்தவரும் சொல்லியிருக்க முடியும்.

நேருக்கு நேர் ஒப்பிட்ட பார்ட்டிகால் ஆய்வின் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 450 பேரைக் குலுக்கல் முறையில் புரோட்டான், ஐஎம்ஆர்டி என்று பிரித்து, மலக்குடல் தொந்தரவு எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டார்கள். இரண்டாண்டு கழித்து இரு பிரிவினரின் பதில்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் பெரும்பாலோர் ஏறக்குறைய பழையபடியே இருந்தார்கள். நோய்க் கட்டுப்பாடும் சமம். புரோட்டான் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் செலவு சமமில்லை. மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில் புரோட்டானுக்குச் சுமார் 32,000 டாலர், ஐஎம்ஆர்டிக்குச் சுமார் 18,500 டாலர்.

சென்னை தரமணியில் 2019இல் அப்போலோவின் புரோட்டான் மையம் திறந்தபின் நம் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி வருகிறது. அப்பாவுக்காக நிலத்தை விற்றாவது புரோட்டான் வைக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளின் பாசம் பெரிது. ஆனால் தொடக்கநிலைப் புராஸ்டேட் கட்டிக்கு நல்ல ஐஎம்ஆர்டி எடுத்தால் அப்பாவுக்குக் குறை வைத்ததாக ஆகாது. எக்ஸ்ரேயிலேயே ஐந்தே அமர்வில் முடிக்கும் முறையும் இன்று வந்துவிட்டது. குழந்தைகளின் மூளைக்கட்டி, மண்டையோட்டு அடித்தளக் கட்டி என்றால் கதை வேறு. அங்கே கதிர் நிற்கும் இடம்தான் எல்லாம், அந்த எந்திரம் அவர்களுக்கு அவசியம் வேண்டும்.

எந்தக் கதிரானாலும் சிகிச்சைக்குப் பின் வரும் காத்திருப்பு ஒன்றுதான். புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்த்துத்தான் நோயைக் கண்காணிக்கிறார்கள். அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ சட்டென்று விழும். கதிருக்குப் பின் செல்கள் உடனே சாவதில்லை, பிரியும்போதுதான் சாகும், அதனால் பிஎஸ்ஏ அடித்தளத்தைத் தொட ஒன்றரை, இரண்டு வருடமோ அதற்கு மேலுமோ ஆகலாம். நடுவில் ஒருமுறை கொஞ்சம் ஏறித் தானே இறங்குவதும் சகஜம், அந்த ரிப்போர்ட் வரும் நாளில் வீடே தூங்காது. மருத்துவர்கள் நோய் திரும்பியதாகக் கொள்வது, தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து மில்லிக்கு 2 நானோகிராம் கூடும்போதுதான்.