விற்பனை நின்ற டூல்கிட்டைத் திறந்து தரச் சொல்லி எப்படிக் கேட்பது?

பழைய வணிக மென்பொருள்களைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் கணக்கிடும் பகுதியும் டேட்டாபேஸும் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கைவிரிப்பது பொத்தான், மெனு என்று திரையை வரைந்து தரும் ஜியூஐ (வரைகலை இடைமுக) டூல்கிட்தான். கணினி மட்டுமே படிக்கும் 32 பிட் பைனரியாக மட்டும் கையில் இருக்கும். புதிய திரைகளில் எழுத்து எறும்பாகச் சிறுத்துப்போகும். திருத்தலாமென்றால் நிரலாளர் எழுதிய மூலநிரல் இல்லை. விற்ற நிறுவனமோ அதைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்திருக்கும். அந்த மூலநிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் வெளியிடச் சொல்வதைத்தான் திறந்து தரக் கேட்பது என்கிறேன்.

உடனே கையெழுத்து திரட்டத்தான் பலருக்கும் தோன்றுகிறது. விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழிக்கு ஆதரவைத் தொடரச் சொல்லி 2005-ல் நிரலாளர்கள் மைக்ரோசாஃப்டிடம் மனுக் கொடுத்தார்கள். பலனில்லை, 2008 ஏப்ரலில் ஆதரவு முடிந்தது. அதே நிறுவனம் 2018 டிசம்பரில் தன் விண்டோஸ் டூல்கிட்களான வின்ஃபார்ம்ஸையும் டபிள்யூபிஎஃப்பையும், யாரும் எப்படியும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் தானே திறந்தது. அவற்றைத் தன் புதிய நிரல் தளமான டாட்நெட் கோருக்குக் கொண்டுவர வேண்டிய தேவை அப்போது அதற்கே இருந்தது. நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம் என்று சொல்லத் தெரியாமல் கடிதம் எழுதிப் பயனில்லை என்பேன்.

மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் பேராசை இருப்பதில்லை, பயம்தான் இருக்கிறது. நிரல் முழுவதும் அவர்களுடையதாக இருக்காது. 2007-ல் சன் நிறுவனம் ஜாவாவைத் திறந்தபோது எழுத்துரு வரையும் பகுதி, 2டி வரைகலையின் ஒரு பகுதி, வண்ண மேலாண்மை, ஒலி ஆகியவற்றில் பிறருக்கு உரிமை இருந்தது. அதற்காகச் சன் காத்திருக்கவில்லை. திறக்க முடிந்ததைத் திறந்தது, மற்றதைப் பைனரியாகக் கொடுத்தது. எழுத்துருவுக்கான ஃப்ரீடைப், வண்ணத்துக்கான லிட்டில்சிஎம்எஸ் போன்ற திறந்த நிரல்கள் பின்னர் அந்த இடங்களை நிரப்பின.

ஆகவே, "பிறருடையதை நீக்கிவிட்டு ஓட்டையோடு கொடுங்கள், நாங்கள் அடைத்துக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். பிரித்தெடுக்கும் வேலையையும் பார்த்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டு நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உள்ள பதிப்புரிமை (copyright) வரியைப் படித்து, கோப்பு, உரிமையாளர், ஆண்டு, வந்த வழி என்று ஒரு அட்டவணை போட வேண்டும். ஐகான்களை விட்டுவிடாதீர்கள், அவை வெளியாரிடம் வாங்கியவையாக இருக்கலாம். இந்த அட்டவணை கையில் இருந்தால் சட்டப்பிரிவு உங்களோடு உட்கார்ந்து பேசும். விற்பனைப் பிரிவுக்கு எழுதும் கடிதங்கள் அங்கேயே தேங்கிவிடும்.

சில சமயம் பணமே வழி. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் டூல்கிட் அல்லதான், ஆனாலும் 2002-ல் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலைப் பயனர்கள் மீட்டார்கள்.

அரைகுறை உரிமத்துக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். யூனிக்ஸ் டூல்கிட்டான மோட்டிஃப் 2000-ல், லினக்ஸ் போன்ற திறந்த இயங்குதளங்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அந்த நிபந்தனை இல்லாத எல்ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்துக்கு மாற 2012 ஆனது. அதற்குள் ஜிடிகே, க்யூட்டி என்ற போட்டி டூல்கிட்கள் களத்தைப் பிடித்துவிட்டன.

கேட்கும்போது நிரலோடு அதை மென்பொருளாகக் கட்டும் பில்ட் ஸ்கிரிப்டுகளையும், நிரலைப் பைனரியாக மாற்றியது எந்தக் கம்பைலர் பதிப்பு என்ற விவரத்தையும் சேர்த்தே கேளுங்கள். அவற்றை அறிந்த பொறியாளர் ஓய்வுபெறுவதற்குள் கேட்டாக வேண்டும்.

இன்று புதிதாக டூல்கிட் வாங்குகிறவர்களுக்கு 1998-ல் லினக்ஸ் மேசைத்திரை மென்பொருள் எழுதும் கேடிஇ குழு, க்யூட்டியை உருவாக்கிய ட்ரோல்டெக் நிறுவனத்தோடு செய்த ஏற்பாடு நல்ல மாதிரி. க்யூட்டியின் இலவசப் பதிப்பு 12 மாதங்கள் வராமல் நின்றால், அதற்கென அமைத்த அறக்கட்டளையே நிபந்தனை மிகக் குறைந்த பிஎஸ்டி வகை உரிமத்தில் வெளியிடலாம். இப்படியொரு ஷரத்தை வாங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்புதான் நிறுவனம் அதற்கு இசையும்.