தடுப்பூசியில் இருப்பது விஷமா, விஷத்தின் துண்டா?

டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தட்டம்மை ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது, இதுவும் அப்படித்தானே என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. டெட்டனஸ் கிருமி சுரக்கும் நச்சில் ஓர் ஆளைச் சாய்க்கப் போதுமான அளவு, அவர் உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பப் போதாது. ஆளைச் சாய்க்க அவ்வளவு கொஞ்சமே போதும். ஆகவே அந்த நச்சைக் கொல்லாத வடிவத்தில், தேவையான அளவுக்கு, உடலுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கொல்லாத வடிவங்களோடுதான் எனக்கு அன்றாட வேலை.

"அப்போ ஊசிக்குள்ள விஷம்தானே இருக்கு?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் அதற்கான பதில் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. டிப்தீரியா, டெட்டனஸ் நச்சுகளுக்கு எதிராக ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது அவற்றைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம், உருவாகிறது என்று ஆய்வாளர்கள் பேரிங்கும் கிட்டசாடோவும் 1890இல் காட்டினார்கள். 1920களில் பிரான்சின் காஸ்டோன் ரமோன், நச்சை ஃபார்மலின் என்ற வேதிக் கரைசலோடு சேர்த்து மிதமான சூட்டில் பல நாள் வைத்தால் அதன் வீரியம் போய்விடுகிறது, ஆனால் உடல் அதை அடையாளம் காண்கிறது என்று நிறுவினார். அதுதான் டாக்சாய்டு. இன்றும் டெட்டனஸ் ஊசியில் பெரும்பாலும் இருப்பது இதுவே. நம்பகமான பொருள்தான், ஆனால் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும். 1948இல் ஜப்பானின் கியோட்டோ, ஷிமானே பகுதிகளில் சரியாக வீரியம் நீக்கப்படாத டிப்தீரியா தடுப்பூசியால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தொகுதி முழுவதும் ஒரே மாதிரி இல்லாததால், சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் கோளாறு பிடிபடவில்லை.

மரபணு வழித் தயாரிப்பில் யோசனையே வேறு. முழு நச்சைச் செய்துவிட்டு அதை அடக்குவதை விட, ஆபத்தான பாகத்தையே செய்யாமல் விட்டுவிடலாமே!

இதற்கு வசதியாக, இந்த நச்சுகள் பலவற்றில் வேலைப் பிரிவினை இருக்கிறது. ஒரு பாகம் நம் உயிரணுவைப் போய்ப் பிடிக்கும். இன்னொன்று உள்ளே போய் நாசம் செய்யும். டெட்டனஸ் நச்சில் நரம்பைப் பற்றிக்கொள்ளும் கடைசித் துண்டுக்கு 'ஃபிராக்மென்ட் சி' என்று பெயர். அது தனியாக இருந்தால் நரம்பில் ஒட்டும், அவ்வளவுதான். உள்ளே போய் நாசம் செய்யும் பாகம் அதில் இல்லை. ஆனால் உண்மையான நச்சைத் தடுக்கும் ஆன்டிபாடிகள் பல பிடிப்பது இந்தத் துண்டைத்தான். காலரா நச்சின் பி பாகமும் அப்படியே. காலராவுக்கு வாய்வழியே குடிக்கும் ஒரு தடுப்பு மருந்தில், மரபணு முறையில் தயாரித்த அந்தப் பாகம் சேர்க்கப்படுகிறது.

சில சமயம் துண்டாக்கவே வேண்டாம். டிப்தீரியா நச்சில் 535 அமினோ அமிலங்கள். அதில் 52ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வந்தால் கொல்லும் திறன் போய்விடுகிறது. சிஆர்எம்197 என்ற இந்த வடிவம் இப்போது நிமோகாக்கல் தடுப்பூசிகள் சிலவற்றில் சுமைதாங்கியாக இருக்கிறது. கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் காட்டினால் கைக்குழந்தையின் உடல் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இந்தப் புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் கண்டுகொள்கிறது.

சரி, ஆபத்தை நீக்கியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. என் அனுபவத்தில் தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். துண்டைத் தயாரிக்க நாங்கள் பெரும்பாலும் நம்புவது ஈ.கோலை பாக்டீரியாவை. அது வேகமாகப் புரதத்தைச் செய்து தள்ளும். செய்யும் வேகத்தில் பல புரதங்கள் தமக்குரிய வடிவத்துக்குச் சரியாக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத திரளாகிவிடும். அதைக் கரைத்து, மறுபடி ஒழுங்காக மடிய வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

மடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? சரியாக மடியாத துண்டைக் கொண்டு ஆன்டிபாடி உருவாக்கினாலும், அது ஒட்டுகிறதா என்று நிறத்தால் காட்டும் எலைசா சோதனையில் முடிவு பிரமாதமாக வரும். கிண்ணங்களில் நீலம் ஏறும், அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சளாகும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கிண்ணத்தின் அடியில் பூசியிருப்பதும் அதே மடியாத துண்டுதான்! தன்னை உருவாக்கிய கோணல் வடிவத்தை அந்த ஆன்டிபாடி அடையாளம் காண்கிறது, அவ்வளவே. உண்மையான நச்சு உயிரணுவைக் கொல்லாமல் அது தடுக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு உயிரணுக்களை வைத்துத் தனிச் சோதனை உண்டு. நச்சுக்கு எதிரான ஆன்டிபாடி வாங்கும் ஆராய்ச்சி மாணவர்கள், 'ஒட்டுகிறதா' என்பதோடு நிறுத்தாமல் 'தடுக்கிறதா' என்றும் கேளுங்கள். விற்பவர் தரும் தாளில் இரண்டாவது கேள்விக்குப் பதில் பல நேரம் இருக்காது.

இன்னொன்று எண்டோடாக்சின். துண்டு சாதுவாக இருக்கலாம், அதைச் செய்து கொடுத்த ஈ.கோலையின் வெளிச்சுவர் அப்படி இல்லை. அந்தச் சுவரின் கொழுப்புச் சர்க்கரைப் பொருள்தான் எண்டோடாக்சின், அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கொதிக்க வைத்தாலும் அழியாது. 'தீங்கற்ற துண்டு' என்று குப்பியில் எழுதியிருந்தால் நான் முதலில் புரட்டுவது எண்டோடாக்சின் அளவு இருக்கும் பக்கத்தைத்தான்.

டெட்டனஸ் ஊசியால் டெட்டனஸ் வருமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: வராது. அதில் உயிருள்ள கிருமி இல்லை. இருக்கும் நச்சும் வீரியம் நீக்கிச் சோதித்தது. கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். அது உடல் பாடம் படிப்பதன் அறிகுறி.

ஆனால் அந்தப் பாடம் படிக்க நாளாகும். முன்பு முறையாகத் தடுப்பூசி போடாத ஒருவருக்கு மண்ணும் அழுக்கும் படிந்த ஆழமான காயம் பட்டால், தடுப்பூசியோடு ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். "எதுக்கு ரெண்டு ஊசி?" என்று அங்கே சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டையும் உடலில் வெவ்வேறு இடத்தில் போடுவதற்கும் காரணம் உண்டு. ஒரே இடத்தில் போட்டால், வெளியிலிருந்து வந்த ஆன்டிபாடி தடுப்பூசியில் உள்ள டாக்சாய்டையே போய்ப் பிடித்துக்கொள்ளும்.